நூற்று இருபத்தாறு

9 ஜனவரி 2025, வியாழன்

செஞ்சிக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. காலையில் நைனா படிக்கட்டுக்குக் கீழே நின்று, "நூத்தி இருவத்தாறு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது மாதமாகத் தினமும் ஆறே முக்காலுக்கு வாட்சப்பில் வரும் சர்க்கரை அளவு. இப்போது குரலாக வருகிறது, அவ்வளவுதான்.

பாதி லீவு, பாதி வீட்டிலிருந்தே வேலை என்று மேலதிகாரியிடம் பேரம் பேசி ஒரு மாதம் வாங்கியிருக்கிறேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் நான் இருந்ததில்லை. மாடி அறையில் மேஜை போட்டாயிற்று. ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை. நெட் மட்டும் ராஜகிரி மேல் ஏறி நின்றால்தான் வரும் போலிருக்கிறது.

இரவு எட்டுக்குக் கீழே நைனாவின் போனில் அலாரம் அடித்தது. 'ஊசி + சாப்பாடு'. போன வருடம் இன்சுலின் ஆரம்பித்தபோது நர்ஸ் டெய்சியிடம் சொல்லி நான் வைத்த அலாரம். இரண்டு தடவை அடித்து நின்றது. ஒழுங்கு என்றால் இது. வேலையில் எனக்குக் கீழே இருக்கும் பாதிப் பேருக்கு இல்லாத ஒழுங்கு.

11 ஜனவரி, சனி

நைனா மாடிக்கு வந்தார். படி ஏற நேரம் எடுத்தது. திரையைப் பார்த்து, "இது இன்னா வேல பாப்பா, பதினஞ்சு வருசமா பாக்கற, எனக்குப் புரியவே இல்ல" என்றார்.

சொன்னேன். ஒரு பெரிய வளையம். குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் ஒரு கற்றையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும்போது அவை விடுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் வெளியே ஆராய்ச்சி செய்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு கற்றை நகர்ந்தாலும் அவர்கள் வேலை கெட்டுவிடும். தரை அசையும், வெயில் ஏறும், தண்ணீர் பம்பு அதிரும், எல்லாமே அதைத் தள்ளும். அதனால் வழி நெடுக எழுபத்திரண்டு கருவிகள் 'கற்றை இங்கே இருக்கிறது' என்று எண் அனுப்பிக்கொண்டே இருக்கும். கணினி அந்த எண்களைப் பார்த்து, எவ்வளவு விலகியதோ அவ்வளவுக்குக் காந்தங்களை வைத்துத் திரும்பத் தள்ளும். ஒரு நொடிக்குப் பத்தாயிரம் தடவை. அந்தத் திருத்தம்தான் என் வேலை.

திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தக் கருவி தப்பா சொல்லிச்சின்னா இன்னா ஆவும்?"

எழுபத்திரண்டு இருக்கிறது நைனா, ஒன்று சொல்லும் பொய்யில் நாங்கள் ஏமாறமாட்டோம் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கினார். மல்லாட்டை மண்டியில் நாற்பது வருடம் கடலை மூட்டைக்கு விலை பேசி உட்கார்ந்தவர். கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

14 ஜனவரி

பொங்கல். நைனா வெயில் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து நான் சாப்பிட ஒன்பதரை. தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

18 ஜனவரி, சனி

ஏழாவது ஆய்வுக்கூடத்திலிருந்து மறுபடி புகார். வெளிச்சம் நாளுக்கு நாள் மங்குகிறதாம். எங்கள் திரையில் எல்லாம் பச்சை. கற்றை ஆணி அடித்தது போல நிற்கிறது. உங்கள் கண்ணாடியைத் துடையுங்கள் என்று பதில் எழுதினேன். கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கலாம்.

பழைய கோப்பு ஒன்றைத் தேடும்போது போன ஆகஸ்டில் எங்கள் குழுவுக்கு நான் காட்டிய படம் கிடைத்தது. நைனாவின் சர்க்கரை. மார்ச், ஏப்ரலில் 68, 240, 71, 265 என்று மேலும் கீழும் ஊஞ்சலாடும். தினமும் மூன்று போன் போட்டேன். எண்களை விழுப்புரம் டாக்டருக்கு நானே படித்துக் காட்டி, பதினாலு யூனிட்டைப் பதினெட்டாக்கி, பிறகு இருபத்திரண்டாக்கினேன். ஏப்ரல் பாதியில் கோடு சட்டென்று சமனாகிவிடும். 122, 128, 126, 124. 'சரியான திருத்தம் என்றால் இப்படி இருக்கவேண்டும்' என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கைதட்டினார்கள்.

21 ஜனவரி

நைனா வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறார். தை மாசப் பனி, குளிர்கிறது என்றார். இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருநாதர்குன்றுக்கு வெறுங்காலோடு ஏறுவார். இந்த ஞாயிறு போகவில்லை. வயசு எழுபத்து மூன்று ஆகிறது. ஏறாமல் இருப்பதே நல்லது.

25 ஜனவரி, சனி

பிடித்துவிட்டேன். ஏழாவது கூடத்துக்காரர்கள் சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு.

உயிரோடு இருக்கும் கருவி ஒரே எண்ணைச் சொல்லாது. கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருக்கும். அதை இரைச்சல் என்போம், திட்டுவோம், வடிகட்டுவோம். இன்று எல்லாக் கருவிகளின் இரைச்சலையும் மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். எழுபத்தொன்று துடிக்கின்றன. நாற்பத்தொன்றாம் கருவி துடிக்கவே இல்லை. அதன் மின்னணு அட்டை பதினெட்டு நாளாக உறைந்துபோய், கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எண் நன்றாக இருந்ததால் கணினி அங்கே கையே வைக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் கற்றை மெல்ல மெல்ல ஒதுங்கியிருக்கிறது. நாங்கள் பச்சையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறோம்.

கோளாறு வந்தால் 'கோளாறு' என்று சொல்லவேண்டிய அட்டை ஏன் பழைய எண்ணை அனுப்புகிறது? அங்கே ஷிஃப்டில் இருக்கும் வீரமணியைக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். அவன்தான் அப்படி மாற்றி வைத்தானாம். "கோளாறுன்னு வந்தா ஒவ்வொரு தடவையும் பீம் நின்னுடுது மேடம். நின்னா நீங்க போன் பண்ணித் திட்டுவீங்க. ரெண்டு நிமிசத்துல தானா சரியாயிடும்னு நெனச்சு பழைய நம்பரையே அனுப்பற மாதிரி வெச்சேன்."

அரைமணி நேரம் திட்டினேன். பொய் நம்பர் அனுப்புவதற்குச் செத்துப்போன கருவியே தேவலை என்று கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது. கீழே முற்றத்தில் நைனா உட்கார்ந்திருந்தார், கையில் பிரிக்காத பேப்பர்.

26 ஜனவரி

நைனா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தே சொன்னார். நூற்று இருபத்தாறு.

27 ஜனவரி

நூற்று இருபத்து நாலு.

வேலை ஓடவில்லை. வேண்டாம் பிரம்மி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், ஆபீஸ் வேலையை வீட்டோடு முடிச்சுப் போடாதே. அவர் மனிதர், அட்டை இல்லை.

ஆனாலும் வாட்சப்பைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது மாதம். 122க்குக் கீழே இல்லை. 130க்கு மேலே இல்லை. காய்ச்சல் வந்த வாரம் இருக்கிறது, கல்யாண வீட்டுக்குப் போன நாள் இருக்கிறது, அம்மாவின் திதி இருக்கிறது. எந்த சர்க்கரைக்காரருக்கு இப்படி இருக்கும்?

கீழே போய்க் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

28 ஜனவரி, செவ்வாய்

அவர் குளிக்கப் போயிருந்தபோது மிஷினை எடுத்தேன். பேட்டரி போய்விட்டிருந்தது. டிவி ரிமோட்டில் இருந்ததைக் கழற்றிப் போட்டதும் உயிர் வந்தது. பார்த்த அளவையெல்லாம் தேதியோடு நினைவில் வைக்கிற மிஷின் அது. கடைசி அளவு 2024 ஏப்ரல் 17. 271.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஊசி மருந்து ஒன்பது பெட்டி, பிரிக்காமல். மாதாமாதம் நான் ஆன்லைனில் வாங்கி அனுப்பியவை.

துண்டோடு, அதற்குள் சாக்ஸும் மாட்டிக்கொண்டு வந்தவர் என் கையில் மிஷினைப் பார்த்தார். நான் கத்தவில்லை, அதுவே ஆச்சரியம். சாக்ஸைக் கழற்றுங்கள் என்றேன். வேண்டாம் பாப்பா என்றார். நான் தரையில் உட்கார்ந்து கழற்றினேன். இடது கால். இதை எழுதமுடியவில்லை. நாற்றத்தை மறைக்க விபூதிப் பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தார். கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. வலிக்கவில்லையா என்றேன். ஐப்பசியில் குன்றில் ஏறும்போது முள் ஏறியிருக்கிறது, அப்போதும் வலி தெரியவில்லை என்றார்.

மூன்று வாரமாக இதே வீட்டில் இருக்கிறேன். மூன்று வாரமாக மாடியில் உட்கார்ந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கற்றை தலைமுடியில் நூறில் ஒரு பங்கு நகர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னா பொம்பள நான். இன்னா வேல பாத்து இன்னா.

டெய்சியைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தெரு கிளினிக்கில் நர்ஸ், நைனாவுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தவள். காலைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது. "அக்கா, இங்க வெச்சிப் பாக்கற புண்ணு இல்ல இது. நாளைக்கே பாண்டிச்சேரி கூட்டிட்டுப் போயிடுங்க."

29 ஜனவரி

தை அமாவாசை. ஊரில் உள்ள கார், வேன் எல்லாம் மேல்மலையனூருக்குப் போய்விட்டன. டெய்சியின் அப்பா தோமினிக் காய்கறி ஏற்றும் வண்டியைக் கொண்டுவந்தார். நைனா முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், சாக்குமேல். கடைவீதி தாண்டும்வரை எதிரே வந்த பஸ்ஸெல்லாம் கூட்டம்.

ஆஸ்பத்திரி மிஷின் 388 காட்டியது. ஒன்பது மாதத்தில் முதல் நிஜமான எண் எனக்கு.

3 பிப்ரவரி, திங்கள்

இடது கால், முழங்காலுக்குக் கீழே. எலும்புவரை போய்விட்டதாம். கையெழுத்து நான் போட்டேன்.

5 பிப்ரவரி

அவர்மேல் கோபமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், யாரிடமும் சொல்லமுடியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்லியிருந்தால் கால் இருந்திருக்கும். தூங்குகிறார். போர்வை ஒரு பக்கம் படிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கோபப்படுகிறேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று கேட்டேன். ஏன் நைனா என்று மட்டும்தான் கேட்டேன்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ எட்டு மணிக்கு ஊசி போட்டு சாப்டுன்ன. பொழுது எறங்குனா நான் சாப்பட்றது இல்ல பாப்பா. தண்ணியும் இல்ல. உங்கம்மா போனப்போ மேல்சித்தாமூர் மடத்துல போயி எடுத்துக்கினு வந்த விரதம். மொதல்ல நீ சொன்னாப்புல ஊசி போட்டேன். வெறும் வயிறு. கண்ணு இருட்டிச்சு, வேர்த்துக் கொட்டிச்சு. காலைல கம்மியா வந்த நம்பர சொன்னேன், ஏன் சாப்டலன்னு கத்துன. சரின்னு ஊசிய நிறுத்துனேன். நம்பர் ஏறிச்சு. ஏறிச்சுன்னு சொன்னா டோஸ ஏத்திட்ட. ஏத்துனத போட்டா விழுந்தேன், ஒருநா அடுப்பாண்ட."

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "உனுக்கு எந்த நம்பர் புடிக்குமோ அந்த நம்பர குடுத்தேன். நீ போன் பண்றது நின்னுச்சு. நீ நிம்மதியா இருக்கறன்னு நானும் நிம்மதியா இருந்தேன்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுவது. நான் பிறந்த சமண வீட்டுப் பழக்கம் அது. விளக்கு வைக்கும்போது எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். பத்தாம் வகுப்புவரை நான் ராத்திரியில் சாப்பிட்டதே கிடையாது. கேன்டீனில் ஒன்பதரைக்குச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, எட்டு மணிதான் உலகத்துக்கே சாப்பாட்டு நேரம் என்று அலாரம் வைத்திருக்கிறேன். பொங்கலன்று என் கண்ணெதிரே வெயிலில் சாப்பிட்டார். பார்த்தேன். எழுதிக்கூட வைத்தேன்.

அந்த ஊஞ்சலை ஆட்டியது நான். ஒரு நாள் பிந்தி வரும் எண்ணுக்கு ஒரு நாள் பிந்தித் திருத்தம் போட்டால் ஆட்டம் பெரிதாகும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் பாடம் எடுப்பவள் நான்.

11 பிப்ரவரி

பெரிய டாக்டரிடம் விரதத்தைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அப்படியானால் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன் ஊசி, அளவையும் குறைக்கிறேன் என்று சீட்டில் எழுதினார். இந்த மாதிரி இங்கே நிறையப் பேர் வருவார்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

ஒரு நிமிடம் ஆகவில்லை.

2 மார்ச், ஞாயிறு

வீட்டுக்கு வந்து நான்கு நாள். எட்டு மணி அலாரத்தை அழித்தேன். சூரியன் மறைவது தினமும் மாறுகிறது, அதனால் அதற்கு முக்கால் மணி முன்னால் அடிக்கிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி அவர் போனில் போட்டேன். இன்று ஐந்து முப்பத்தைந்துக்கு அடித்தது. இதைப் போன மார்ச்சில் எழுதியிருந்தால் என்று நினைப்பு ஓடியது. நிறுத்தினேன்.

நைனா சக்கர நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். குன்று தெரிகிற பக்கம் இல்லை.

4 மார்ச்

காலை 192 என்றார். சட்டென்று, "நேத்து இன்னா சாப்டீங்க?" என்று வாய்விட்டேன். அவர் முகம் மூடிக்கொண்டது. நாளை என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியும்.

5 மார்ச்

128.

பக்கத்தில் நின்று பார்த்த டெய்சி சமையலறைக்கு வந்து, மிஷினில் 204 என்று மெதுவாகச் சொன்னாள்.

கால் போன பிறகும். கால் போன பிறகும் அவருக்கு என்னைப் பார்த்துத்தான் பயம்.

11 மார்ச், செவ்வாய்

நாற்பத்தொன்றாம் கருவி பற்றி அறிக்கை கேட்கிறார்கள். வீரமணிமேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று ஒரு கேள்வி. 'தவறான எண் வந்தால் நடப்பதைவிட, கோளாறு என்று சொன்னால் நடப்பது மோசமாக இருந்தது. அந்த ஏற்பாடு என்னுடையது' என்று எழுதினேன். கோளாறு வந்தால் கற்றையை நிறுத்தாமல், அந்தக் கருவியை மட்டும் விலக்கிவிட்டு ஓட்டும்படி மாற்றச் சொன்னேன். திருத்தும் வேகத்தையும் பாதியாக்கச் சொன்னேன்.

வீரமணி போன் செய்தான். நன்றி மேடம் என்றவன், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். கால் எடுத்தாயிற்று என்றேன்.

30 மார்ச், ஞாயிறு

நேற்று ரத்தப் பரிசோதனை. சிறுநீரகமும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. திரும்பி வராது, இறங்குகிற வேகத்தைக் குறைக்கலாம் என்றார் டாக்டர்.

நீட்டி வாங்கிய லீவும் முடிகிறது. என்னோடு வடக்கே வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். எப்போதும்போல வாதாட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். டெய்சி காலையும் மாலையும் வருவாள்.

கிளம்பும்முன் அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒன்று சொன்னேன். தினமும் நம்பர் அனுப்ப வேண்டாம் நைனா. இஷ்டம் இருந்தால் அனுப்புங்கள். எது வந்தாலும் நான் போன் செய்யமாட்டேன், டாக்டரிடம் சொல்லமாட்டேன், அதை டெய்சி பார்த்துக்கொள்வாள்.

நம்பவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

19 ஏப்ரல்

வடக்கே வெயில் கொளுத்துகிறது. நைனாவிடமிருந்து எண் இல்லை. இருபது நாள். காலை ஆறே முக்காலுக்குக் கண் விழித்துவிடுகிறது. போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

3 மே

ஞாயிறுதோறும் பேசுகிறோம். மழை, கரண்ட், மண்டி விலை. சர்க்கரையைப் பற்றி நான் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

14 ஜூன், சனி

காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு நைனாவிடமிருந்து மெசேஜ்.

'231. நேத்து மாம்பழம். ரெண்டு.'

எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு மாம்பழமா, இந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டா என்று தட்டினேன். அழித்தேன். டெய்சி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தட்டினேன். அதையும் அழித்தேன். நான் எழுதுவதும் அழிப்பதும் அவருக்கு அங்கே தெரியும் என்று நினைவு வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

231. மோசமான எண். இந்த எண்ணோடு எத்தனை வருடம் இருப்பார் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு, 'எந்த மரத்து மாம்பழம்?' என்று அனுப்பினேன்.

ஒரு நிமிடம் கழித்து வந்தது. 'டெய்சி வூட்டு மரம். நல்லா இருந்துச்சு பாப்பா.'